பள்ளி இசை நாடகத்தில் என் மகளுக்கு வசனமே இல்லாத மரம் வேடம் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியரிடம் பேசி மாற்றச் சொல்லலாமா, இல்லை விலக்கிவிடலாமா?

மரம்தானே? எங்கள் வீட்டுக்கு வந்தது மாடு.

கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக மனம் வரவில்லை. வேடப் பட்டியல் வந்த ராத்திரி நீங்கள் எப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் பிள்ளையின் பெயரை மேலிருந்து தேடியிருப்பீர்கள். அப்புறம் கீழிருந்து. அப்புறம் மற்ற பிள்ளைகளின் பெயர்களைப் படித்து, "இவளுக்கா அந்த வேடம்? இவளுக்குச் சுருதியே சேராதே" என்று வீட்டுக்காரரிடம் புலம்பியிருப்பீர்கள். சரி, இதெல்லாம் நான் செய்தது. உங்கள் மேல் ஏற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். மகள் ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் 'இன்டு தி வுட்ஸ் ஜூனியர்' போட்டார்கள். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1987ல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகம் இது. பாட்டும் இசையும் ஸ்டீபன் சோன்ட்ஹைம், கதை வசனம் ஜேம்ஸ் லாப்பைன். சின்டரெல்லா, ரெட் ரைடிங் ஹுட், அவரைக்கொடி ஏறும் ஜாக், கூந்தலைத் தொங்கவிடும் ராபன்ஸல் எல்லோரும் ஒரே காட்டுக்குள் வந்து ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள். நடுவில் பிள்ளையில்லாத ஒரு ரொட்டிக்கடைக்காரரும் அவர் மனைவியும். சூனியக்காரியின் சாபம் நீங்க வேண்டுமென்றால் மூன்று நள்ளிரவுக்குள் நாலு பொருள் கொண்டுவர வேண்டும்: பால் போல வெள்ளையான மாடு, ரத்தம் போலச் சிவந்த மேலங்கி, சோளம் போல மஞ்சளான முடி, பொன்னால் ஆன செருப்பு. முழு நாடகத்தின் இரண்டாம் பாதியில் சாவுக்கு மேல் சாவு. பிள்ளைகளுக்கான ஜூனியர் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, முதல் பாதியோடு சுபமாக முடித்துவிடுவார்கள்.

என் மகள் ரெட் ரைடிங் ஹுட் வேடத்துக்காக இரண்டு வாரம் குளியலறையில் பாடிப் பழகினாள். எங்கள் மூவருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். அவளுக்குக் கிடைத்தது மில்கி ஒயிட். ஜாக்கின் மாடு. வசனமும் கிடையாது, பாட்டும் கிடையாது.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை மணிக்கு இசை ஆசிரியைக்கு ஒரு மெயில் அனுப்பினேன். ஐந்து பத்தி. "என் மகள் நான்கு வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள்" என்று ஆரம்பித்து, "இந்திய மாணவிக்குப் பசுமாட்டு வேடம் கொடுப்பதில் உள்ள உள்ளர்த்தம்" என்பது வரைக்கும் போய்விட்டேன். அனுப்பிய பிறகுதான் பட்டியலை ஒழுங்காகப் படித்தேன். ரெட் ரைடிங் ஹுட் யார் தெரியுமா? எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் தெலுங்குப் பெண். அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி என் மெயிலில் சில நொடிதான். அது எப்போதோ தாண்டிவிட்டது.

நிறம் பார்த்து ஒதுக்குவதே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நடக்கிறது, பார்த்திருக்கிறேன். அந்த ராத்திரி நடந்தது அது இல்லை, அவ்வளவுதான்.

ஆசிரியை மறுநாள் நாலே வரியில் பதில் போட்டார். மாடு இல்லாவிட்டால் கதை முதல் காட்சியிலேயே நின்றுவிடும், வாயைத் திறக்காமல் அரங்கைத் தன் பக்கம் இழுக்கக்கூடிய பிள்ளை வேண்டியிருந்தது, உங்கள் மகள் ஆடிஷனில் சும்மா நின்றபோதும் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தாள் என்று. சமாளிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மகளே ஒரு வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினாள். 2022ல் பிராட்வேயில் இந்த நாடகத்தை மறுபடி போட்டபோது, மாட்டை ஒரு பொம்மையாகச் செய்து கென்னடி கனகாவா என்ற நடிகர் இயக்கியிருக்கிறார். இளவரசர்களை விட்டுவிட்டு ஜனங்கள் மாட்டுக்குக் கைதட்டியிருக்கிறார்கள். அன்றோடு அவளுக்குக் கவலை தீர்ந்துவிட்டது. எனக்குத் தீர இன்னும் ஒரு மாதம் ஆனது.

தீர்த்து வைத்தது என் அம்மா. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மாடு கன்றோடு வாழ்ந்தவர். வாட்ஸ்அப் வீடியோவில் பேத்தி மெல்லுவதைப் பார்த்துவிட்டு, "மாடு இப்படியாடி அசை போடும்? நீ மிக்சர் திங்கிற. மாட்டுக்கு மேல முன்பல்லு கிடையாது. கீழ்த்தாடையைப் பக்கவாட்டுல அரைக்கணும்" என்றார். அதிலிருந்து ஞாயிறுதோறும் வகுப்புதான். ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் எப்படிச் சிலிர்க்கும், புது ஆள் வந்தால் காது எந்தப் பக்கம் திரும்பும், படுக்கும்போது முன்னங்காலை முதலில் மடக்கும், எழுந்திருக்கும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும். இதெல்லாம் பதினைந்து வருடம் அதே வீட்டில் வளர்ந்த எனக்கே தெரியாது.

கதையில் மட்டும் அம்மாவுக்கு உடன்பாடே இல்லை. "அஞ்சு அவரை விதைக்கு மாட்டை வித்தானா? தரகு பார்த்தது யாரு?" என்று கேட்டார். மாயவிதை என்று மகள் சொன்னாள். "சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறவனும் இப்படித்தான்டி சொல்லுவான்" என்று முடித்துவிட்டார். இன்னொன்றும் சொன்னார். விற்ற மாடு பேசாமல் போகாது, தெருமுனை திரும்பும்போது ஒரு தரம் நின்று வீட்டைப் பார்க்கும் என்று.

உடை தைத்தது நான். கணவரின் கல்யாண வேட்டி, எட்டு முழம், பீரோவில் சும்மாதான் கிடந்தது. அவருடைய ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. வாலுக்கு என் பரதநாட்டியக் குஞ்சலம். தலை அட்டைப்பெட்டியில். மேலங்கி, முடி, செருப்பு எல்லாவற்றையும் மாடு மேடையிலேயே விழுங்க வேண்டும் என்பதால், வாயைக் கிழித்து உள்ளே கழுத்தோடு ஒரு பையைத் தொங்கவிட்டேன். மடிக்குப் பாத்திரம் தேய்க்கும் ரோஸ் நிற ரப்பர் கையுறை. கட்டைவிரலை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் சரியாக நாலு காம்பு! இதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு இன்னமும் பெருமை உண்டு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருடமே ஒரு தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இதே பிள்ளைக்குக் கும்மி ஆட்டம் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு மேக்கப்போடு வரச் சொன்னார்கள். மேடை ஏறியது பத்தே காலுக்கு. நடுவில் பொன்னாடை, நினைவுப்பரிசு, பொன்னாடை போட்டவருக்கே இன்னொருவர் போடும் பொன்னாடை. பாதிப் பிள்ளைகள் நாற்காலியில் தூங்கிப்போய், எழுப்பி ஆடவிட்டோம். பள்ளி நாடகத்தில் ஏழு மணி என்றால் ஏழு மணிக்குத் திரை விலகியது. மொத்தமே ஒரு மணி நேரச் சொச்சம். நம்மவர்களைக் குறை சொல்கிறாள் என்பீர்கள். சொல்கிறேன்தான், அடுத்த வருடமும் சந்தா கட்டிவிட்டு.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. ஜாக் மாட்டை விற்கும் இடம். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். மேடை ஓரத்துக்குப் போனதும் மாடு நின்றது. தலையை மட்டும் திருப்பி ஜாக்கைப் பார்த்தது. காது ஒரு தடவை அசைந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மூக்கைச் சிந்தினார். நானும்தான்.

சனிக்கிழமை மதியக் காட்சியில் மடி கழன்று விழுந்தது. சரியாகப் பால் கறக்கும் நேரம் பார்த்து. ரொட்டிக்கடைக்காரராக நடித்த பையன் கோப்பையை நீட்டியபடி கையுறையையே பார்க்கிறான். மாடு குனிந்து பார்த்தது, அசை போட்டது, குளம்பால் அதைக் கோப்பைப் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டது. அரங்கம் அடங்க ஒரு நிமிடம் ஆனது. காட்சி முடிந்ததும் ஆசிரியை என்னிடம் வந்து, "இவள் எங்கே மாடு பார்த்தாள்?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் என்றேன். மெயிலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"ராமாயணம் இருக்க வெள்ளைக்காரன் கதை எதற்கு, அதுவும் சிதைத்த கதை" என்று யாராவது எழுதுவீர்கள். சிதைக்காத கதை எது? 1697ல் பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதியதில் ஓநாய் ரெட் ரைடிங் ஹுட்டைத் தின்றுவிடும், அதோடு கதை முடிந்தது. வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றும் வேட்டைக்காரர் 1812ல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில்தான் வருகிறார். சின்டரெல்லாவுக்குப் பெரோ கண்ணாடிச் செருப்பு கொடுத்தார், கிரிம் பொன் செருப்பு கொடுத்தார்கள். நம் கூத்தில் கட்டியங்காரன் பாண்டவர் கதைக்கு நடுவில் உள்ளூர் அரசியலையே இழுக்கிறான், அதற்கு விழுந்து விழுந்து சிரிக்கிறோமே.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விலக்காதீர்கள். மெயிலும் அனுப்பாதீர்கள், குறைந்தது ராத்திரியில் அனுப்பாதீர்கள். பிள்ளை நிஜமாகவே அழுகிறாளா, அழுவது நீங்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவளே வேண்டாம் என்றால் அது வேறு விஷயம், அதில் நான் தலையிடவில்லை. மரத்துக்கு எப்படி நடிப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரில் தோப்பு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் போன் போட்டுக் கொடுங்கள்.

உரிம நிபந்தனை காரணமாக வீடியோ எடுக்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூடத்திலேயே அம்மாச்சிக்காக வேட்டி, வால், திரும்பத் தைத்த மடி எல்லாம் கட்டிக்கொண்டு தன் பங்கை முழுசாக நடித்துக் காட்டினாள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். கடைசியில், "எல்லாம் சரிதான். கன்னுக்குட்டியை விடாம எப்படிடி பால் சுரக்கும்? கன்னு எங்க?" என்றார்.

மகள் திரும்பித் தன் தம்பியைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஊர் போன் வந்தால் அவன் மாடிக்கு ஓடிவிடுகிறான்.