திடமான கல் எப்படி நகரும்? கண்டங்கள் நகர்வது பற்றிக் கேள்வி பதில்

பதில்: மட்டக்களப்பில் புவியியல் படிப்பிக்கும் ஆசிரியர்

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவி: சேர், பூமிக்குள்ளே இருப்பது நெருப்புக் குழம்பா? அதன் மேலேயா கண்டங்கள் மிதக்கின்றன?

இல்லை மகள். மேன்டில், அதாவது பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த கல் படை, ஏறத்தாழ 2900 கிலோமீட்டர் ஆழம்வரை போகிறது. அதில் மிகப் பெரும்பகுதி திடமான கல்தான். ஆனால் கடும் சூட்டில் அந்தக் கல்லும் மெல்ல நெளிந்து நகரும், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். பூமி உருவானபோது மிஞ்சிய சூடும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்றவை சிதையும்போது வரும் சூடும் அதை இயக்குகின்றன.

அக்கரைப்பற்று: புத்தகத்தில் வட்டவட்டமாக அம்புக்குறி போட்டு, மேற்காவுகை ஓட்டம் தகடுகளைச் சுமந்துபோவதாகக் காட்டுகிறார்கள். சரியா?

பாதி சரி. தகடு என்பது கண்டங்களையும் கடலடியையும் சுமக்கும் பெரிய பாறைத் துண்டு. மேற்காவுகை என்பது சூடான கல் மேலெழ, குளிர்ந்தது கீழிறங்கும் சுழற்சி. 1912இல் கண்ட நகர்வைச் சொன்ன வெகனரால், கண்டங்களை எது நகர்த்துகிறது என்று திருப்தியாகக் காட்ட முடியவில்லை. 1920களின் இறுதியில் நிலவியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் மேன்டிலின் மேற்காவுகையை விடையாக வைத்தார். ஆனால் அந்த அம்புக்குறிகளை அப்படியே நம்பவேண்டாம். கீழே ஓட்டம், மேலே தகடு என்று இரண்டு இல்லை. அந்தச் சுழற்சியின் குளிர்ந்த மேல்பகுதிதான் தகடு. கடலடித் தகடு வயதாக ஆகக் குளிர்ந்து கனக்கும், அகழி எனப்படும் ஆழ்கடல் பள்ளத்தில் மேன்டிலுக்குள் அமிழும், அமிழும் பகுதி மீதியையும் இழுக்கும். கொடியில் போட்ட ஈரச்சேலை ஒரு பக்கம் கனத்து முழுவதும் வழுக்கி விழுமே, அப்படி. இன்று முதன்மையான விசையாகக் கருதப்படுவது இந்த இழுவைதான். புதிய கடலடி உருவாகும் கடல் நடு முகடுகளின் தள்ளல் அதற்கு அடுத்தது. பசிபிக் தகட்டின் ஓரங்களில் அகழிகள் அதிகம், அது வேகமாக நகர்கிறது. ஆபிரிக்கத் தகட்டுக்கு அப்படி இல்லை, அது மெதுவாகத்தான் நகர்கிறது.

மருதமுனை: 2004இல் கடல் வந்தது. 2012 ஏப்ரல் 11இலும் 8.6 அளவில் நிலநடுக்கம் என்றார்கள், ஊரை விட்டு ஓடினோம். ஏன் வரவில்லை?

2004இல் நடந்தது மேலே சொன்ன அமிழ்தல் எல்லையில். சுமாத்திரா பக்கம் நெடுங்காலம் இறுகிக் கிடந்த எல்லை ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளத்துக்கு வழுக்கியது. கடலடி எழும்பியது, தண்ணீரையும் தூக்கியது. 2012இல் உடைந்தது அகழிக்கு வெளியே, தகட்டின் உள்ளே. பாறை பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் கடலடி பெரிதாக எழவில்லை. அதற்காக அன்று ஓடியது வீண் என்று சொல்லாதீர்கள். எந்த வகை நடுக்கம் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. எச்சரிக்கை வந்தால் திரும்பவும் ஓடுங்கள்.

அம்பாறை: மகாஓயா வெந்நீர் ஊற்றுக்குக் கீழே எரிமலையா?

இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளில் ஆழம் போய்ச் சூடேறித் திரும்புகிறது, அவ்வளவுதான்.

வாழைச்சேனை: இந்தியா நகர்ந்து நகர்ந்து ஒருநாள் யாழ்ப்பாணத்தோடு முட்டுமா?

முட்டாது தம்பி. இரண்டும் ஒரே தகட்டில் சேர்ந்தே வடகிழக்கே போகின்றன, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். முட்டல் எல்லாம் இமயமலைப் பக்கம், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளாக. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். பனியுகத்தில் கடல் 100 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தபோது இங்கிருந்து நடந்தே இந்தியா போயிருக்கலாம்.