பெரிய நடிகர்கள் ஒப்புக்கொண்டால் நல்ல படமா?

கேள்வி: ஆபாச நகைச்சுவை என்றாலே உங்கள் பத்திரிகை முகம் சுளிக்கிறது. ஹியூ ஜாக்மேன், கேட் வின்ஸ்லெட், ஹாலி பெர்ரி போன்றவர்களே கூச்சப்படாமல் 'மூவி 43' படத்தில் நடித்திருக்கிறார்கள். அவ்வளவு திறமைசாலிகள் ஒப்புக்கொண்ட படத்தில் ஒன்றுமே இல்லாமலா போய்விடும்? பச்சையாக இருந்தால் ரசிக்க மாட்டோம் என்பது வெறும் பாசாங்குதானே?

பதில்: படம் பச்சையாக இருக்கிறது என்பது என் புகாரே இல்லை. கழிப்பறை, படுக்கையறை என்று எதை வைத்து வேண்டுமானாலும் சிரிக்க வைக்கலாம். அப்படிச் சிரிக்க வைத்த படங்களை நான் விரும்பிப் பார்த்திருக்கிறேன். என் கோபம் வேறு. இத்தனை நல்ல நடிகர்களைக் கூட்டிவந்து, நடிப்பதற்கு ஒன்றுமே கொடுக்காமல் நிற்க வைத்துவிட்டார்களே, அதுதான்.

அவர்கள் ஒப்புக்கொண்டது எப்படி என்பதை முதலில் பார்ப்போம். 2013 ஜனவரியில் வந்த படம் இது. தனித்தனிக் குட்டிக் கதைகளைக் கோத்து ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருப்பார்கள். இயக்கியவர்கள் பத்துப் பேருக்கும் மேல். நீங்கள் சொன்ன மூவரைத் தவிர நவோமி வாட்ஸ், ரிச்சர்ட் கியர், உமா தர்மன், எம்மா ஸ்டோன் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. செலவு சுமார் 6 மில்லியன் டாலர்தான். இவ்வளவு பேரை வைத்து அந்தத் தொகையில் எப்படிப் படம் எடுக்க முடிந்தது? ஜாக்மேனும் வின்ஸ்லெட்டும் வரும் பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, அதைக் காட்டி மற்றவர்களை இழுத்தார்கள். ஆளுக்குச் சில நாள் வேலை, குறைந்த சம்பளம், அவர்களுக்குத் தோதான தேதி. இப்படியே சில வருடங்கள் இழுத்து முடித்தார்கள். பொறுமையாகக் காத்திருந்து, தட்ட முடியாதபடி சங்கடப்படுத்தியே வேலை வாங்கியதாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரான பீட்டர் ஃபாரலியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ரிச்சர்ட் கியர் கழன்றுகொள்ளப் பார்த்தார் என்ற செய்தியும் அப்போதே வெளிவந்தது. ஆக, கதை பிடித்துப்போய் எல்லோரும் ஓடிவந்தார்கள் என்று நினைக்காதீர்கள். நட்புக்காகவும் தாட்சண்யத்துக்காகவும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனவர்கள் இதில் உண்டு.

சரி, வந்தவர்களை வைத்து என்ன செய்தார்கள்? வின்ஸ்லெட் பகுதியையே எடுத்துக்கொள்வோம். ஊரே விரும்பும் பணக்கார இளைஞரோடு, அதாவது ஜாக்மேனோடு, அவர் முதல்முறையாக உணவகத்துக்குப் போகிறார். இளைஞர் கழுத்துத் துணியை அவிழ்க்கிறார். அவர் கழுத்தில் விதைப்பை தொங்குகிறது. வின்ஸ்லெட்டைத் தவிர வேறு யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அவ்வளவுதான் கதை. முதல் அரை நிமிடம் சிரிப்பு வருகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்புறம்? அவள் யார், இந்த மனிதனிடம் எதை எதிர்பார்த்து வந்தாள், எழுந்து போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறாள், இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பார்க்க வேண்டும், அதிர வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும், மறுபடி அதிர வேண்டும். 2009-இல் ஆஸ்கர் வாங்கிய நடிகைக்கு இவர்கள் கொடுத்த வேலை இதுதான். ஜாக்மேனுக்கு அதுகூடக் கிடையாது. பாதி நடிப்பைக் கழுத்தில் ஒட்டிய ரப்பரே செய்துவிடுகிறது.

இதோடு 2011-இல் வந்த 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மணமகளும் தோழிகளும் விலையுயர்ந்த மணஉடைக் கடையில் இருக்கும்போது, மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் காட்சி. வாந்தி, பேதி எல்லாம் உண்டு. அசிங்கத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் என் கண் கிறிஸ்டன் விக் மேலேயேதான் இருந்தது. அந்த உணவகத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் நடித்த ஆனி. உயிர்த்தோழியான மணமகளைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டிருக்கும் பணக்காரி ஹெலன் எதிரே நிற்கிறாள். உடம்பு சரியில்லை என்று ஒப்புக்கொண்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடும். ஆனியின் முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டுகிறது. எனக்கு ஒன்றுமில்லை என்று சாதிக்கிறாள். ஹெலன் அமைதியாக ஒரு சர்க்கரை பூசிய பாதாமை நீட்டுகிறாள். ஆனி அதை வாங்கி வாயில் போட்டு மெல்கிறாள். தொண்டையில் இறங்க மறுக்கும் அந்த ஒரு பருப்பில் பொறாமை, வீம்பு, தோழியை இழக்கும் பயம் எல்லாம் தெரிகிறது. வயிறு குலுங்கச் சிரித்தேன். அதே நேரத்தில் அவளுக்காக மனசும் வலித்தது. இந்தப் படத்தின் திரைக்கதை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. துணை நடிகைக்கான பிரிவில் மெலிசா மெக்கார்த்தியும் இருந்தார். பச்சையான நகைச்சுவையை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை என்பதற்கு இது போதும்.

வித்தியாசம் இதுதான். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் துடிக்கும் ஆள் ஒருவர் காட்சிக்குள் இருந்தால் நடிகருக்கு வேலை இருக்கிறது. அப்படி யாரும் இல்லையென்றால் அசிங்கத்தைக் காட்டிவிட்டு 'இப்போது சிரியுங்கள்' என்று நம்மிடம் கையை நீட்டுவது மட்டும்தான் மிஞ்சும்.

'மூவி 43'-லேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. நவோமி வாட்ஸும் லீவ் ஷ்ரைபரும் மகனுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தும் பெற்றோராக வருகிறார்கள். பள்ளிக்கூட அனுபவம் எதுவும் விட்டுப்போய்விடக் கூடாது என்று, மற்ற பையன்கள் செய்யும் கேலி, அவமானம், அடி உதை எல்லாவற்றையும் அவர்களே அவனுக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று மனசார நம்பும் இரண்டு முகங்கள். விரசம் இதிலும் உண்டு, ஆனாலும் சிரிப்பு நிற்கிறது. கொஞ்சம் இடம் கொடுத்தவுடன் நடிகர்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் மற்ற பகுதிகளில் எவ்வளவு வீணடித்தார்கள் என்று வயிறு எரிகிறது.

நடிகரை மதிப்பது என்றால் என்ன என்று பழைய ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரைக் கேட்கலாம். அவருடைய 'சம் லைக் இட் ஹாட்' 1959-இல் வந்தபோது ஹாலிவுட்டின் தணிக்கை முத்திரை இல்லாமலேதான் வெளியானது. அந்தக் காலத்துக்கு அவ்வளவு விரசம். அதில் பெண் வேடத்தில் இருக்கும் ஜாக் லெமன், தனக்கு ஒரு கிழட்டுக் கோடீஸ்வரனோடு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்று சந்தோஷம் பொங்கச் சொல்லும் காட்சி. அரங்கத்தில் எழும் சிரிப்பில் அடுத்த வசனம் கேட்காமல் போய்விடும் என்று வைல்டர் முன்கூட்டியே கணக்குப் போட்டார். லெமன் கையில் இரண்டு கிலுகிலுப்பைகளைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஆட்டிக்கொண்டு ஆடச் சொன்னார். அந்த இடைவெளியும் நடிப்பாகிவிட்டது. தன் நடிகர் எந்த இடத்தில் சிரிப்பு வாங்குவார் என்று இயக்குநருக்கு நொடிக்கணக்கில் தெரிந்திருக்கிறது!

நீங்கள் கேட்ட பாசாங்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று நடிகர்களின் பெயர் இருக்கிறது. எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. பெயர்களைப் பார்த்து, நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிவிட்டீர்கள். தயாரிப்பாளர்களும் இதை நம்பித்தான் சுவரொட்டி அடித்தார்கள். உலகம் முழுக்க 30 மில்லியன் டாலருக்கு மேல் வசூலானது. அவர்கள் கணக்கு பொய்க்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

நடிகர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருடத்தின் மோசமான படங்களுக்குக் கொடுக்கப்படும் கோல்டன் ராஸ்பெரியை 2014-இல் 'மூவி 43' மூன்று பிரிவுகளில் வாங்கியது: மோசமான படம், மோசமான இயக்கம், மோசமான திரைக்கதை. மோசமான நடிப்புக்கான பரிசுகள் எல்லாம் வேறு படங்களுக்குப் போயின.