ஸ்பைரோமெட்ரியில் 0.62 என்றால் ஆஸ்துமாவா?

மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் 55 வயது அப்பாவின் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரலைச் சோதிப்பது) ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் விநாடியில் ஊதிய காற்றை மொத்தமாக ஊதிய காற்றால் வகுத்தால் வருவது அந்த 0.62. 0.70-க்குக் கீழே போனால் மூச்சுக்குழாயில் அடைப்பு. அது ஆஸ்துமாவா, சிஓபிடியா (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்பது வேறு கேள்வி. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை 4 பஃப் (400 மைக்ரோகிராம்) இழுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதினாரா? முதல் விநாடிக் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடியிருந்தால் ஆஸ்துமா பக்கம் சாயும். மருந்து இழுத்த பிறகும் விகிதம் 0.70-ஐத் தொடவில்லை என்றால் சிஓபிடி சந்தேகம். பீடியே தொடாதவருக்கும் தூசியாலும் விறகடுப்புப் புகையாலும் வரும்.

கிராஃபையும் பாருங்கள். பாதியில் ஊதுவதை நிறுத்தினால் மொத்தக் காற்று குறைந்து, விகிதம் பொய்யாக ஏறி, அடைப்பே மறைந்துவிடும். 6 விநாடியாவது விடாமல் ஊத வேண்டும், உதட்டோரம் கசியக் கூடாது.

தை அறுவடையில் மட்டும் மூச்சு இளைத்து, மற்ற மாதங்களில் சும்மா இருக்கிறாரா? டாக்டரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.