மாதிரி நாடாளுமன்றம்: டீச்சரிடம் கேளுங்கள்

மாணவர்களே அமைச்சர்களாகவும் உறுப்பினர்களாகவும் அமர்ந்து விவாதிக்கும் மாதிரி நாடாளுமன்றத்துக்குப் பயிற்சி தருவது 16 ஆண்டுகளாக என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

பிரதமராக வர ஆசைப்பட்டேன். எதிர்க்கட்சி வரிசையில் போட்டுவிட்டார்கள். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, டீச்சர்? (பதினோராம் வகுப்பு மாணவி)

வருத்தப்படாதேம்மா, உனக்குக் கிடைத்திருப்பதுதான் கடினமான இடம். மக்களவையின் கேள்வி நேரத்தில், நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார். உடனே துணைக் கேள்வி கேட்கலாம். அமைச்சர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால்தான் நல்ல துணைக் கேள்வி பிறக்கும்.

ஒரு பயிற்சியில், பள்ளி நூலகம் மாலையில் பூட்டியே கிடப்பது விவாதமானது. "விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று வாசித்தார் 'கல்வி அமைச்சர்'. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, விரைவில் என்றால் எந்தத் தேதி? ஐந்து மணிக்குமேல் சாவி யாரிடம் இருக்கும்?" அமைச்சர் தாளைத் திருப்பினார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுநாள் அந்த அமைச்சர் தானாகவே நூலகரிடம் போய், மாலையில் திறக்க என்ன தடை என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற இடம் உனக்குக் கிடைத்திருக்கிறது.

போட்டிக்கு நேரம் குறைவு. வசனம் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பது தவறா? (ஆசிரியர்)

தவறு என்றுதான் சொல்வேன். தொடக்கத்தில் நானும் அதைத்தான் செய்தேன். பிள்ளைகள் பிசகாமல் பேசினார்கள், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் எதிரே இருப்பவர் பேசும்போது ஒருவர்கூடக் கவனிக்கவில்லை, தங்கள் அடுத்த வரியையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வசனத்துக்குப் பதில் ஒரு பக்கத் தகவல்தாள் கொடுங்கள். உண்மையான அவையிலும் கேள்விகள் முன்கூட்டியே அமைச்சருக்குப் போய்விடும், அதுபோல முதல் கேள்வி தெரிந்திருக்கட்டும். துணைக் கேள்வியை மட்டும் யாரும் தயாரித்துக் கொடுக்காதீர்கள்.

சபாநாயகர் வாக்களிக்கலாமா? (கல்லூரி மாணவர்)

இருதரப்பும் சமமாக நின்றால் மட்டும். நம் அரசியல் சாசனத்தின் 100-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிரிட்டன் மக்களவையில் 2019 ஏப்ரலில், பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) தொடர்பான ஒரு திருத்தத்துக்கு 310-க்கு 310 என்று வாக்குகள் விழுந்தன. சபாநாயகர் எதிராக வாக்களித்தார். பெரும்பான்மை இல்லாத மாற்றத்தைத் தன் ஒற்றை வாக்கால் உருவாக்கக் கூடாது என்பது அங்குள்ள மரபு. உங்கள் அவையில் இப்படியொரு சமநிலையை வேண்டுமென்றே உண்டாக்கிப் பாருங்கள்.

உண்மையான அவையில் கூச்சலும் வெளிநடப்பும் நடக்கிறதே, நாங்களும் செய்யலாமா?

வெளிநடப்பு செய்யலாம், அது நாகரிகமான எதிர்ப்பு. காரணத்தை ஒரே வாக்கியத்தில் பதிவு செய்துவிட்டு வெளியேறுங்கள். கூச்சல் வேண்டாம். உங்களுக்கு இருப்பதே ஒரு மணி நேரம்.

இதனால் மகனுக்குப் படிப்பு கெடுமா? (ஒரு தந்தை)

கெடாது, ஐயா. வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி போதும்.

நாங்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதா ஒவ்வொரு முறையும் தோற்கிறது. பிறகு எதற்கு அந்த உழைப்பு?

அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா. 2015 ஏப்ரல் 24 அன்று தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா அப்படிக் கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறியது பல பத்தாண்டுகளில் அதுவே முதல்முறை. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அரசு தன் சார்பில் வேறொரு மசோதா கொண்டுவர, 2019-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் மீது திருநர் சமூகத்துக்கே கடுமையான குறைகள் உண்டு, அவற்றையும் சேர்த்தே படியுங்கள்.

அடுத்த அமர்வில், உங்கள் மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர்களில் இருவரைக் கூப்பிட்டு, எந்தப் பிரிவை மாற்றினால் ஆதரிப்பார்கள் என்று கேளுங்கள். திருத்தத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.