சினைப்பைக் கட்டிகளும் குழந்தைப்பேறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சினைப்பைக் கட்டிகளைப் பற்றியவை என்பதால், அவற்றை மட்டும் ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 27 வயது. வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்ததில் வலது சினைப்பையில் 3.5 செ.மீ. அளவில் தெளிந்த நீர்க்கட்டி என்று வந்துள்ளது. அடுத்த மாதம் எனக்குத் திருமணம். குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: வராது. மாதந்தோறும் முட்டை வளரும் பை சுமார் 2 செ.மீ. அளவுக்குப் பெருத்து, வெடித்து, முட்டையை வெளியே விடுகிறது. சில மாதங்களில் அது வெடிக்காமல் மேலும் பெருத்துவிடும். அல்லது வெடித்த பின் எஞ்சிய பகுதியில் நீரோ ரத்தமோ தேங்கிவிடும். சுவர் மெல்லியதாகவும் உள்ளே தெளிந்த நீர் மட்டுமே உள்ளதாகவும் இருக்கும் இத்தகைய கட்டி 5 செ.மீ.க்குள் இருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குகளில் தானாகவே வற்றிவிடும். 5 முதல் 7 செ.மீ. வரை என்றால் ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் செய்து பார்க்கலாம். அதற்கும் மேல் போனால்தான் அடுத்த கட்டப் பரிசோதனை தேவை. வலி தொடர்ந்தால் மறு ஸ்கேனை மாதவிலக்கு முடிந்த உடனேயே எடுங்கள். சுழற்சியின் நடுவில் எடுத்தால் அந்த மாதத்து முட்டைப்பையையே புதுக் கட்டி என்று எண்ணி அஞ்ச நேரிடும்.

கேள்வி: கழற்சிக்காய்ப் பொடி சாப்பிட்டு என் தங்கைக்கு இரண்டே மாதத்தில் கட்டி கரைந்துவிட்டது. நானும் சாப்பிடலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: மேலே சொன்ன வகைக் கட்டி எதுவும் சாப்பிடாமலேயே அதே இரண்டு மாதத்தில் போயிருக்கும். கருத்தடை மாத்திரைகூட அதை விரைவுபடுத்துவதில்லை. குழந்தைக்கு முயலும் காலத்தில் அளவு தெரியாத பொடிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: சிஸ்ட் இருக்கிறது. குழந்தை பிறக்குமா? உடனே பதில் தேவை. (ஊர் குறிப்பிடாத வாசகி)

பதில்: உங்கள் வயது என்ன, கட்டி எத்தனை செ.மீ., எந்த வகை, மாதவிலக்கின் எத்தனையாவது நாளில் ஸ்கேன் எடுத்தீர்கள், எவ்வளவு காலமாக முயல்கிறீர்கள் என்ற எதையும் எழுதாமல் கேட்டால் என்னால் பதில் சொல்ல இயலாது. ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கலங்காதீர்கள். முழு ரிப்போர்ட்டுடன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பெரியவளாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. 40 நாட்களுக்கு ஒரு முறை மாதவிலக்கு வருகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டுப் பிசிஓடி என்றார்கள். நாளை இவளுக்குக் குழந்தை பிறக்குமா என்று தூக்கமே வருவதில்லை. (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: அம்மா, முதலில் தூங்குங்கள். பூப்படைந்து எட்டு ஆண்டுகள் ஆகும் வரை ஸ்கேனை வைத்துப் பிசிஓடி (முட்டை ஒழுங்காக வளர்ந்து வெளிவராத சினைப்பைக் கோளாறு) என்று முடிவு செய்யக் கூடாது என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். இளம் பெண்களின் சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் நிறைந்திருப்பது இயல்புதான். பூப்படைந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை, 21 முதல் 45 நாட்களுக்கு ஒரு முறை மாதவிலக்கு வருவதும் இயல்பே. இடைவெளி 90 நாட்களைத் தாண்டினாலோ, முகத்தில் ரோமமும் கடுமையான பருவும் சேர்ந்து வந்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பின்னாளில் பிசிஓடி என்று உறுதியானாலும் பயம் வேண்டாம். அதில் காணப்படுபவை பாதி வளர்ந்து நின்றுவிட்ட, 1 செ.மீ.க்கும் குறைவான முட்டைப்பைகள்; அறுத்து எடுக்க வேண்டிய கட்டி அங்கே எதுவும் இல்லை. முட்டை ஒழுங்காக வெளிவராததுதான் அங்குள்ள சிக்கல். அதற்கு, முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உள்ளன. கூடுதல் எடை இருப்பவர்களில் பலருக்கு 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே சுழற்சி சீராகிவிடுகிறது.

கேள்வி: எனக்கு 30 வயது. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இடது சினைப்பையில் 3 செ.மீ. சாக்லேட் கட்டி இருப்பதால்தான் குழந்தை தங்கவில்லை என்று சொல்லி லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். ஒன்றரை ஆண்டில் மீண்டும் வந்தது, மீண்டும் எடுத்தார்கள். முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏஎம்ஹெச் முதலில் 2.6 இருந்தது, இப்போது 0.8. இப்போது அதே இடத்தில் 2.5 செ.மீ. கட்டி இருக்கிறது, மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள். என் கணவருக்கு எந்தக் குறையும் இல்லை என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்: தாங்க முடியாத வலி இல்லையென்றால் மூன்றாவது அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். இரண்டு அறுவை சிகிச்சைகளின் விவரமும் ஏஎம்ஹெச் அளவும் இருக்கின்றன. கணவரின் விந்துப் பரிசோதனை முடிவு எங்குமே இல்லை. சில நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தால் பெரும்பாலும் அன்றே முடிவு தெரிந்துவிடும், சில நூறு ரூபாய்ச் செலவில் முடிகிற சோதனை அது. அதைச் செய்யாமலேயே ஒரு பெண்ணுக்கு இரண்டு முறை மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் கருவியை விட்டிருக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் காரணத்துடன் சேர்ந்தோ, கணவர் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. தாம்பத்திய உறவு இயல்பாக இருப்பது விந்தணுக்களின் எண்ணிக்கையைக் காட்டாது. ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 1.6 கோடி அணுக்களாவது இருக்கின்றனவா, அவை நகர்கின்றனவா என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும். மாமியாரின் சொல் அதற்கு ஈடாகாது. எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காத விஷயம் இது: குழந்தையின்மைக்காகப் பெண்ணின் வயிற்றைத் தொடும் முன் கணவரின் பரிசோதனை முடிவு மேசை மேல் இருக்க வேண்டும்.

இனி கட்டியைப் பற்றிச் சொல்கிறேன். சாக்லேட் கட்டி என்பது, கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் ஒரு வடிவம். உள்ளே இருப்பது பழைய ரத்தம், கரும்பழுப்பு நிறத்தில் கூழ் போல் இருக்கும். இதன் சுவருக்கும் சினைப்பைக்கும் இடையே தெளிவான எல்லை கிடையாது. கருவியால் பற்றி உரிக்கும்போது, கட்டியின் சுவரோடு முட்டைகள் பொதிந்திருக்கும் மெல்லிய மேற்பகுதியும் சேர்ந்து வந்துவிடுகிறது. ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் பொசுக்கும்போது அருகிலுள்ள முட்டைப்பைகளும் கருகுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்படையும்போது 3 முதல் 4 லட்சம் என்று குறைந்துகொண்டே வரும் முட்டைகளுக்குப் புதிய வரவு எதுவும் இல்லை. உங்கள் ஏஎம்ஹெச் சரிந்ததில் இந்த இரண்டு அறுவைகளுக்கும் பெரும் பங்கு இருக்க வேண்டும்.

ஆயினும் 0.8 என்பது தீர்ப்பு அன்று. ஏஎம்ஹெச் முட்டைகளின் எண்ணிக்கையைச் சுட்டுகிறதே தவிர அவற்றின் தரத்தைச் சொல்வதில்லை. 30 வயது உங்களுக்குச் சாதகமானது. இந்த வாரமே கணவரின் பரிசோதனையை முடியுங்கள். கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்பது முந்தைய அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காலம் கடத்தாமல் ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) பற்றி ஆலோசியுங்கள். சிறிய கட்டி இருக்கும்போதே முட்டை எடுக்க முடியும். குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதற்காக மட்டும் ஐவிஎஃப்புக்கு முன் சாக்லேட் கட்டியை வழக்கமாக அகற்ற வேண்டாம் என்றே 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதலும் கூறுகிறது. நான் அறுவை சிகிச்சைக்கு எதிரி அல்ல. கடும் வலி, புற்றுநோய்ச் சந்தேகம், முட்டை எடுக்க ஊசி செல்லும் வழியை மறைக்கும் கட்டி ஆகியவற்றுக்கு அது தேவைப்படும். அப்போதும் ஏஎம்ஹெச் பார்த்து, முட்டை அல்லது கருவை உறைய வைப்பது குறித்துப் பேசிய பிறகே கத்தி எடுக்க வேண்டும்.

கேள்வி: 6 செ.மீ. டெர்மாய்டு கட்டி இருக்கிறது. முதலில் குழந்தை பெற்றுக்கொண்டு பிறகு எடுக்கலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கொழுப்பும் முடியும், சில நேரம் பல்லும்கூட உள்ள இந்தக் கட்டி மருந்தில் கரையாது, கருத்தரிப்பதைப் பெரும்பாலும் தடுப்பதும் இல்லை. ஆனால் எடை மிகுந்தது என்பதால் சினைப்பை தன் காம்பில் முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. கர்ப்ப காலத்தில் அப்படி நேர்ந்தால் சிரமம். உங்கள் அளவுக்கு முதலில் கட்டியை மட்டும் எடுத்து, சினைப்பையைக் காப்பாற்றிவிட்டுக் கருத்தரிக்க முயல்வது நல்லது. பத்தில் ஒருவருக்கு மறுபக்கமும் இருக்கும் என்பதால் அதையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை, ஒரு பக்கமாகத் திடீர் வலியும் வாந்தியும் வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நேரத்தில் முறுக்கை விடுவித்தால், கறுத்துப் போன சினைப்பைகூட மீள்வது உண்டு.

கேள்வி: ஒரு சினைப்பையை எடுத்துவிட்டார்கள். கருத்தரிக்க முடியுமா? (வாசகி, சேலம்)

பதில்: முடியும். மற்றொரு சினைப்பையே மாதந்தோறும் முட்டையைக் கொடுக்கும்.

கேள்வி: எனக்கு 28 வயது. சாக்லேட் கட்டி இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு 90. புற்றுநோயா? (வாசகி, மதுரை)

பதில்: இந்த எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. சிஏ-125 எண்டோமெட்ரியோசிஸில் உயரும். மாதவிலக்கு நாட்களில்கூட உயரும். உங்கள் வயதில் ஸ்கேனில் கட்டியின் தோற்றம்தான் முக்கியம். உள்ளே திடமான வளர்ச்சி இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.

கேள்வி: எட்டு வாரக் கர்ப்பம். ஸ்கேனில் 4 செ.மீ. கட்டி. கரு கலைந்துவிடுமா? (வாசகி, வேலூர்)

பதில்: எட்டாவது வாரத்தில் காணப்படும் இந்த அளவுக் கட்டி பெரும்பாலும் முட்டை வெளியேறிய இடத்தில் உருவானது, நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரப்பதே அதுதான். யார் சொன்னாலும் இப்போது அவசரப்பட்டு எடுக்காதீர்கள். சுமார் 14 வாரத்துக்குள் சுருங்கிவிடும். அப்போது மீண்டும் ஸ்கேன் பாருங்கள். திடீர் வலியும் வாந்தியும் வந்தால் மட்டும், திருநெல்வேலி வாசகிக்குச் சொன்னதே உங்களுக்கும்.