இட்லிதான் கொடுத்தனுப்புகிறேன், வயிற்றுவலி ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. சீலியாக் நோய் என்று நான்கு மாதத்துக்கு முன்பு தெரிந்தது. அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதுவும் கொடுப்பதில்லை. கோடை விடுமுறையில் நன்றாகத் தேறினான். பள்ளி திறந்ததும் வயிற்றுவலி திரும்பிவிட்டது. பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம், தயிர் சாதம்தான் கொடுத்தனுப்புகிறேன். வகுப்பு ஆசிரியை, "ஒரு வாய் கேக்தானே, ஒன்றும் ஆகாது" என்கிறார். பள்ளியில் எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஆசிரியை மேல் கோபப்படாதீர்கள். வட இந்தியாவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்த நோய், தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான் கண்டறியப்பட்டிருக்கிறது. அவர் இதற்கு முன் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் அவர் சொன்னது தவறு. கோதுமை, பார்லி, ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், இந்தக் குழந்தைகளின் உடல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. ஒரு ரொட்டித் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் 50 மில்லிகிராம் போனாலே குடல் கெடும். அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் வரும் ஒரு பொட்டுதான் அது. சாப்பிட்டவுடன் முகம் வீங்குவது, மூச்சுத் திணறுவது எல்லாம் இதில் வழக்கமில்லை. அதனால்தான் பார்ப்பவர்களுக்கு 'ஒன்றும் ஆகவில்லையே' என்று தோன்றுகிறது.

பள்ளிக்குப் போகும் முன் உங்கள் அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். இட்லிப் பொடியிலும் எலுமிச்சை சாதத் தாளிப்பிலும் பெருங்காயம் போடுகிறீர்கள் அல்லவா? கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மாவு கலந்துதான் செய்வார்கள், பல நிறுவனங்கள் கலப்பது கோதுமை மாவு அல்லது மைதா. கட்டியாக இருப்பதாலேயே சுத்தம் என்று நினைக்க வேண்டாம், அதிலும் மாவு உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். அரிசி மாவு கலந்தவை கிடைக்கின்றன, 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டாத பொருளுக்குத்தான் அப்படி அச்சிட அனுமதி. அதுவரை பெருங்காயமே வேண்டாம், பூண்டும் சீரகமும் போதும். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, ஊறுகாய்க்கும் இதே கதைதான். காலையில் ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற மால்ட் பானம் கொடுத்தால் நிறுத்துங்கள், அவற்றில் உள்ள மால்ட் பார்லியிலிருந்து வருவது. கடைச் சத்துமாவில் கோதுமை இருக்கும், கேழ்வரகை வீட்டிலேயே முளைகட்டி அரைத்துக்கொள்ளுங்கள். மில்லில் கோதுமை ஓடிய இயந்திரத்தில் அரைத்தால் பயனில்லை.

சரி, இப்போது பள்ளி. வாய்வார்த்தை போதாது. தமிழில் ஒரே பக்கம் எழுதி, மருத்துவரின் சான்றோடு தலைமையாசிரியரிடம் கொடுங்கள். வகுப்பு ஆசிரியைக்கு ஒரு பிரதி, ஆயாவுக்கு ஒரு பிரதி. 'வீட்டு டப்பாவில் இருப்பதைத் தவிர, என்னைக் கேட்காமல் எதையும் தர வேண்டாம்' என்பது முதல் வரியாக இருக்கட்டும். பிஸ்கட், பிரெட், கேக், சமோசா, சேமியா, கேசரி, ஐஸ்கிரீம் கோன் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 'குளூட்டன்' என்று மட்டும் எழுதினால் ஆயாவுக்கு என்ன புரியும்? மைதாப் பசை, மாவுக் களிமண் தொட்டால் ஆபத்தில்லை, கை வாய்க்குப் போவதுதான் ஆபத்து. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சானிடைசர் குளூட்டனை அகற்றாது.

பிறந்தநாள் கேக்தான் பிள்ளைகளை அதிகம் வருத்துகிறது. ஆசிரியையின் அலமாரியில் அவன் பெயர் எழுதிய ஒரு டப்பா இருக்கட்டும். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. கேக் வெட்டும்போதே அதுவும் திறக்கப்பட வேண்டும், பத்து நிமிடம் கழித்து அல்ல. எட்டு வயதில் அந்தப் பத்து நிமிடம் மிக நீளம்.

பகிர்ந்து சாப்பிடுவதைத் தடுக்காதீர்கள். ஆனால் சப்பாத்தி பிய்த்த கை அவன் டப்பாவுக்குள் வந்தால் துணுக்கும் கூடவே வரும். நண்பர்களுக்கென்று தனிச் சின்ன டப்பா கொடுத்தனுப்புங்கள். "எனக்குக் கோதுமை ஒத்துக்காது, நீ இதுல எடுத்துக்கோ" என்று வீட்டில் நாலைந்து முறை சொல்லிப் பழகட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருநாள் ஆசைப்பட்டுத் தின்றுவிட்டான் என்று தெரிந்தால் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை மறைக்கும். என்னிடம் வரும் பிள்ளைகளில், மறைத்துச் சாப்பிட்டவர்களைத் தேற்றத்தான் அதிக நாளானது.

அரசுப் பள்ளிப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மதிய உணவு அரிசிதான் என்றாலும் பெருங்காயத்தைக் கேளுங்கள். காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி என்றால் அநேகமாக ரவை, சேமியா, கோதுமை ரவை. அந்த நாட்களில் வீட்டிலேயே சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு மாதத்தில் வலி குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், காரணம் வேறாகவும் இருக்கலாம். இந்த நோய் அடங்குகிறதா என்று காட்டும் டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனையை அவர் சொல்லும் இடைவெளியில் எடுங்கள். நான்கு மாதத்தில் அந்த எண் முழுக்க இறங்காதது சாதாரணம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முந்தைய எண்ணைவிடக் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.