கையில் கட்டியிருந்த காப்பு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் மேடம்,

நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பேட்ச்சின் கல்ச்சுரல் கமிட்டியில் இருக்கிறேன். சமத்துவப் பொங்கலுக்கு வருடா வருடம் அனுமதி கிடைத்துவிடும். இந்த வருடம் கேரளப் பிள்ளைகள் ஓணத்துக்குக் கேட்டார்கள். பீகாரிலிருந்து வந்திருக்கும் ஒரு ஜூனியர் சத் பூஜைக்குக் கேட்டாள். ரம்ஜானில் ஒருநாள் இஃப்தார் வைக்கலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். ‘இது அறிவியல் படிக்கிற இடம். பண்டிகையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு அனுமதி கொடுத்தால் ஒன்பது வந்து நிற்கும்’ என்று பேராசிரியர் ஒருவர் சொல்லிவிட்டார். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது. பொங்கல் என்றால் எங்களுக்கு ஒரே நிறத்தில் புடவை, ஸ்பீக்கர், போட்டோ. அவ்வளவுதான். கமிட்டியிலிருந்து விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு மேடம்?

எம்.

அன்புள்ள எம்.,

விலகாதீர்கள். ஏன் என்று சொல்ல, நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்துக்குப் போக வேண்டும்.

தென்மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. ஐப்பசி மாதம், நல்ல மழை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சு இல்லை, உடம்பெல்லாம் வியர்வை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நான் பக்கவாதம் என்று நினைத்துக் கையைத் தூக்கிப் பார்த்தேன், காலைத் தட்டிப் பார்த்தேன், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். மகன் பதறிப்போய் நின்றார், ஒழுங்காக ஒரு பதிலும் வரவில்லை. வார்டு ஆயா ஒருவர், ஐந்தாவது வரை படித்தவர், நோயாளியின் சேலையைச் சரிசெய்ய வந்தவர், சும்மா சொன்னார்: “கையில காப்பு கட்டிருக்காவ பாருங்க டாக்டரம்மா. சஷ்டி விரதம்லா.”

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதே கையில்தான் நான் நாடி பிடித்துப் பார்த்திருந்தேன்.

அன்று விரதத்தின் ஐந்தாம் நாள். சாப்பாடு இல்லை, ஆனால் சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். சாமிக்காகச் சாப்பாட்டை விட்டார், டாக்டருக்குப் பயந்து மாத்திரையை விடவில்லை. சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், நரம்பில் ஏற்றினோம். சில நிமிடங்களில் கண்ணைத் திறந்தார். திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “விரதம் கலைஞ்சு போச்சா?”

அவருடைய ஓபி சீட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வருடமாக மாதாமாதம் வந்திருக்கிறார். விரதம் இருப்பீர்களா என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. திருச்செந்தூருக்குப் பக்கத்து மாவட்டங்களில் அந்த ஆறு நாளும் எத்தனை வீடுகளில் அடுப்பு எப்படி எரியும் என்பது எங்கள் பாடத்தில் இல்லை. அந்த ஆயாவுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் பேராசிரியர் சொன்னதில் ஒன்றை நான் மறுக்கிறேன். பண்டிகை வீட்டோடு நிற்பதில்லை. நோயாளி அதை உடம்பில் கட்டிக்கொண்டுதான் ஓபிக்கு வருகிறார். சஷ்டி, ரம்ஜான் நோன்பு, தவக்காலம், ஐயப்பனுக்கு மாலை போட்ட 41 நாள், பிள்ளை பெற்றவளுக்குச் சொல்லும் பத்தியம் எல்லாமே மாத்திரையின் வேளையையும் அளவையும் தொடுகிற விஷயங்கள். ரம்ஜானை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, 2016-இல் முதலில், 2021-இல் திருத்தி. யார் நோன்பு வைக்கலாம், யாருக்கு ஆபத்து, எந்த மாத்திரையை விடியுமுன் சாப்பிடும் சஹரிலிருந்து நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு மாற்றுவது, சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் நோன்பை முடித்துவிட வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. விரலில் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு முறியாது என்பதையும் நோயாளிக்குச் சொல்லச் சொல்கிறது. அந்தப் பயத்திலேயே பரிசோதனை செய்யாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் பரீட்சை வரைக்கும் இருக்கும். பக்கத்து அறைத் தோழி விடியுமுன் எழுந்து, மற்றவர்கள் தூக்கம் கெடக் கூடாதென்று லைட் போடாமல் சாப்பிடுவதைப் பார்த்தவளுக்கு, மாலையில் அவளோடு உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்தவளுக்கு, ஆயுசுக்கும் மறக்காது. ஓபியில் ஒரு பாட்டி, “நோன்பு வைக்கலாமாம்மா?” என்று கேட்கும்போது “அதெல்லாம் கூடாது” என்று ஒரே வார்த்தையில் முடிக்க மாட்டாள். முடித்தால் பாட்டி தலையாட்டிவிட்டுப் போய் நோன்பு வைப்பார், நம்மிடம் சொல்ல மாட்டார். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது, பிறகு ஈடு செய்துகொள்ளலாம் என்பதை அந்தப் பாட்டிக்கு எடுத்துச் சொல்ல ஒரு தோழமை வேண்டும். அது ஹாஸ்டலில்தான் கிடைக்கும்.

அப்புறம் அந்த பீகார்ப் பெண் கேட்ட சத் பூஜை. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல இருக்கிறது.

அரசுக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போவது 1986-இலிருந்து நடக்கிறது. பதினெட்டு வயதில், மொழி தெரியாத ஊரில், இரண்டு நாள் ரயில் தூரத்தில் வந்து இறங்கும் பிள்ளைகள் அதில் வருவார்கள். நான் ஒரு கல்லூரியில் பெண்கள் விடுதிக்குத் துணைக் காப்பாளராக இருந்தபோது பீகாரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தீபாவளி முடிந்து சில நாளில், மெஸ்ஸில் அவள் தட்டு அப்படியே இருக்கிறது என்று சமையல் அக்கா வந்து சொன்னார். கூப்பிட்டுக் கேட்டேன். சத் விரதம் அவள் அம்மா வருடாவருடம் இருப்பது. அந்த வருடம் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. விட்டுவிடக் கூடாதென்று மகள் எடுத்துக்கொண்டாள். கடைசி முப்பத்தாறு மணி நேரம் தண்ணீர்கூட இல்லை. மறையும் சூரியனுக்கு ஒருமுறை, மறுநாள் உதிக்கும் சூரியனுக்கு ஒருமுறை தண்ணீரில் நின்று அர்க்கியம் கொடுக்க வேண்டும்.

மொட்டை மாடிக்குத் துணி துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் நிரப்பினோம். கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்து, முள்கரண்டியால் கோடு போட்டு, தேகுவா என்று ஒரு பலகாரம் பொரித்தாள். “நம்ம அதிரசம்தான், அரிசிக்குப் பதில் கோதுமை” என்றார் சமையல் அக்கா. படையலை வைக்க என்ன வேண்டும் என்று கேட்டபோது அவள் காற்றில் கையை ஆட்டிப் புடைத்துக் காட்டினாள். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. “ஏ பிள்ள, உங்க ஊர்லயும் சுளகா?” சுளகு, அதாவது முறம், வந்தது. அதில் வாழைப்பழம், தேங்காய், ஒரு துண்டு கரும்பு, தேகுவா.

அக்காவின் மணிக்கட்டில் அன்று மஞ்சள் காப்பு இருந்தது. கீழே மெஸ் டிவியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரண்டும் ஒரே திதி. தீபாவளி அமாவாசை கழிந்து வரும் வளர்பிறை சஷ்டியில் இங்கே முருகனுக்கு விரதம், கங்கைக் கரையில் சூரியனுக்கு விரதம். ஐப்பசி மேகத்தில் சூரியன் தெரியவே இல்லை. மேற்கே இதுதான் என்று அக்கா கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அவள் டப்பில் கணுக்கால் நனைய நின்று சுளகை உயர்த்தினாள். மாடிப் படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யாரும் பேசவில்லை, யாரும் போட்டோ எடுக்கவில்லை. அக்கா கும்பிட்டார்.

அடுத்த வருடம் அந்தப் பெண் மெடிசின் ஓபிக்குப் போஸ்டிங் வந்தாள். ஐப்பசி மாதம். உடைந்த தமிழில் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்: “அம்மா, சஷ்டி விரதம் இருக்கீங்களா? மாத்திரை எப்டி போடறீங்க?” முன்பு எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி.

பேராசிரியர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம் என்கிறது சட்டம். ஸ்பீக்கரை விடுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் ஆயுத பூஜைக்குக் கற்பூரம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில் சுடர் கூடாது, பூ வைத்துக் கும்பிட்டால் போதும். ஒரே நிறப் புடவையையும் விட்டுவிடுங்கள். 2020-இலிருந்து 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய்ப் புடவைக்கு வீட்டில் பணம் கேட்க முடியாமல், காய்ச்சல் என்று சொல்லி அறையிலேயே படுத்துக்கொண்ட ஒரு மாணவியை எனக்குத் தெரியும். கட்டாய வசூல் இருக்கும் இடத்தில் ‘சமத்துவ’ என்று பேனரில் எழுதாதீர்கள். ஒரு சாதிக்காரர்கள், ஒரு மதத்துக்காரர்கள் மட்டும் கூடும் கூட்டமாக எது மாறினாலும் கமிட்டி அதில் கைவைக்க வேண்டாம். பானையைச் சுற்றித் துப்புரவுப் பணியாளரும் மெஸ் அக்காவும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது சமத்துவப் பொங்கல்.

அதற்கு மேல் பொங்கலில் என்ன இருக்கிறது என்கிறீர்கள். மொழி இருக்கிறது. சாமுவேல் பிஷ் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார், மானிப்பாயில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழிலேயே. அதற்காகத் தமிழ் படித்து, மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டு பாடநூல்களைத் தமிழாக்கினார். மனித உடற்கூற்றைச் சொல்லும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இல் வந்தது. தமிழில் மருத்துவம் படித்து டாக்டரான ஒரு தலைமுறையே இருந்திருக்கிறது. உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பொங்கல் அன்று அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசுங்கள். பேச்சுப் போட்டி வேண்டுமென்றால், நோயாளிகள் சொல்லும் சொற்களை வைத்து நடத்துங்கள். ‘மேல் வலிக்குது’ என்றால் எங்கே வலிக்கிறது, ‘குறுக்கு பிடிச்சுக்கிச்சு’ என்றால் எந்த இடம், ‘கிறுகிறுன்னு வருது’, ‘படபடன்னு வருது’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சென்னைப் பிள்ளைகளே தோற்பார்கள். வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் மூன்று மாத ஓபிக்குச் சமம்.

ஒன்பது வந்து நிற்கும் என்ற பயத்துக்கு நம் ஆஸ்பத்திரிகளிலேயே பதில் இருக்கிறது. தீபாவளி இரவு கேஷுவாலிட்டியில் யார் இருப்பார்கள் என்று சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டாசு வெடித்துக் கை கருகியவர், கண்ணில் பொறி பட்ட குழந்தை என்று விடிய விடிய வருவார்கள். அன்று நான் வீட்டுக்குப் போகலாம் என்று தானாகவே ட்யூட்டியை மாற்றிக்கொண்டவர் என் பேட்ச் முஸ்லிம் தோழி. ரம்ஜான் பெருநாளுக்கு நான் நின்றேன். கிறிஸ்துமஸ் இரவுக்கு நாங்கள் இருவரும் நின்றோம். எந்த சர்க்குலரும் அதைச் சொல்லவில்லை. அவள் ஏன் பெருநாளைக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவள் உம்மாவின் கையால் சாப்பிட்டிருக்கிறேன். யாருக்கு எந்த நாள் முக்கியம் என்று தெரியாத பேட்ச்சில் ட்யூட்டி லிஸ்ட் போடும்போது சண்டைதான் வரும்.

ஆகவே, ஒன்பதுக்கும் மேடை கேட்காதீர்கள். மேடை வேண்டியதே இல்லை. ஓணத்துக்கு ஒரு பூக்களமும் மெஸ்ஸில் ஒருவேளைச் சத்யை விருந்தும் போதும். இஃப்தாருக்கு ஒரு மாலை. சத் பூஜைக்கு ஒரு டப், ஒரு சுளகு. விரதத்தைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் அதைக் கடைப்பிடிக்கிறவரே பத்து நிமிடம் சொல்லட்டும், அன்றைய நோயாளிகளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மெடிசின் துறையிலிருந்து யாராவது ஒருவர் வந்து சொல்லட்டும். இப்படி எழுதிக் கொடுத்தால் உங்கள் பேராசிரியரே அந்தப் பத்து நிமிடத்துக்கு வரலாம். அவரிடமே கேளுங்கள்.

இந்தப் பொங்கலுக்குப் பானை ஏழு மணிக்குள் பொங்கிவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு ட்யூட்டி மாறும். இரவெல்லாம் வார்டில் நின்ற ஹவுஸ் சர்ஜன்களும் சிஸ்டர்களும் ஆயாக்களும் வருவார்கள். அவர்களுக்குச் சூடாக எடுத்து வையுங்கள்.